முதன்மை வீழ்ந்ததென்று யார் முடிவு செய்வது? – வாசகர் கேள்வி பதில்

ஒன்றுக்கு மேற்பட்ட தரவு மையங்களில் தரவுத்தளத்தின் பிரதிகளை வைத்திருப்பது, ஒரு மையம் செயலிழந்தால் மற்றொன்றிலிருந்து மீள்வது ஆகியவை குறித்து வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் ஒருசேரப் பதிலளிக்கிறோம். ஒரே பொருளைப் பற்றிய கடிதங்கள் ஒரே கேள்வியாகச் சுருக்கப்பட்டுள்ளன.

கேள்வி: எங்கள் நிறுவனம் இரண்டாவது தரவு மையம் ஒன்றை அமைக்கவிருக்கிறது. ‘ஒரு பதிவுகூட இழக்கக் கூடாது, ஒரு நிமிடம்கூடச் சேவை நிற்கக் கூடாது’ என்பது நிர்வாகத்தின் எதிர்பார்ப்பு. திட்டத்தை எங்கிருந்து தொடங்குவது?

அந்த எதிர்பார்ப்பை இரண்டாகப் பிரிப்பதிலிருந்து தொடங்குங்கள். விபத்து நேர்ந்தால் கடைசி எத்தனை நிமிடத்துத் தரவை இழந்தாலும் தாங்கிக்கொள்ள முடியும் என்பது ஒரு கணக்கு. இதை ஆர்பிஓ என்பார்கள். எவ்வளவு நேரத்துக்குள் சேவை மீண்டும் எழ வேண்டும் என்பது வேறொரு கணக்கு, இது ஆர்டிஓ. இரண்டுக்கும் நேரே பூஜ்யம் என்று எழுதிக் கையொப்பமிடுவது எளிது. ஆனால் ஒரு பதிவுகூட இழக்கக் கூடாதென்றால், தொலைவிலுள்ள மையம் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று உறுதி சொல்லும்வரை ஒவ்வொரு கமிட்டும், அதாவது பதிவை நிலைப்படுத்தும் இறுதிப் படியும், காத்திருந்தாக வேண்டும். அந்த மையமோ இடையிலுள்ள இணைப்போ அறுந்துபோனால், புதிய பதிவுகளை ஏற்கும் முதன்மை மையம் நல்ல நிலையில் இருந்தாலும் எழுதுவதை நிறுத்திக்கொள்ள வேண்டும். இழப்பே கூடாது என்ற விதி, சேவை நிற்கவே கூடாது என்ற விதியை மீறச் சொல்லும் தருணம் இதுதான். எரிக் புரூவர் 2000-ஆம் ஆண்டில் முன்வைத்து, கில்பர்ட், லிஞ்ச் ஆகியோர் 2002-இல் கணித முறையில் நிறுவிய கேப் தேற்றம் சொல்வதும் ஏறத்தாழ இதையே: வலையமைப்பு துண்டுபட்டிருக்கும் வேளையில், தரவின் ஒருமையையும் சேவையின் தொடர்ச்சியையும் ஒருங்கே காக்க முடியாது.

ஆகவே நிர்வாகத்திடம் ‘எவ்வளவு இழக்கலாம்?’ என்று கேட்காதீர்கள். ‘எதுவும் கூடாது’ என்ற பதில்தான் வரும். ‘இரு மையங்களுக்கும் இடையிலான இணைப்பு ஒரு மணி நேரம் அறுந்திருக்கிறது; அந்த ஒரு மணி நேரமும் புதிய பதிவுகளை ஏற்க மறுத்துவிடலாமா, அல்லது ஏற்றுக்கொண்டு, அவற்றில் சில பின்னர் காணாமற்போகக்கூடும் என்ற அபாயத்தைச் சுமக்கலாமா?’ என்று கேளுங்கள். இதையும் ஒட்டுமொத்தமாகக் கேட்காமல் தரவின் வகை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே கேட்பது நல்லது. பணப் பரிமாற்றப் பதிவுக்கு ஒரு பதிலும், உள்நுழைவு அமர்வுகளுக்கு வேறொரு பதிலும், இரவில் மீண்டும் உருவாக்கிவிடக்கூடிய அறிக்கை அட்டவணைகளுக்கு மற்றொரு பதிலும் கிடைக்கும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் கமிட்டுக்கான காத்திருப்பு அளவைப் பரிவர்த்தனைதோறும் மாற்றிக்கொள்ள முடியும் என்பதால் இந்தப் பிரிவினை வெறும் ஏட்டளவில் நின்றுவிடாது. ஆரக்கிளின் பிரதியெடுப்பு வசதியான டேட்டா கார்டில் உச்சப் பாதுகாப்பு, உச்ச இருப்பு, உச்ச வேகம் என மூன்று நிலைகள் இருப்பதும் இதே தேர்வை வாடிக்கையாளரிடம் விட்டுவிடுவதற்காகத்தான்.

கேள்வி: எங்கள் இரு மையங்களுக்கும் இடையே 600 கிலோமீட்டர் தொலைவு. சிங்க்ரனஸ் ரெப்ளிகேஷன் செய்யலாமா?

சிங்க்ரனஸ் ரெப்ளிகேஷன், அதாவது மேலே சொன்னபடி பிரதியின் உறுதிக்காகக் கமிட் காத்திருக்கும் முறை, செய்யலாம்; ஆனால் அதன் விலையை முன்கூட்டியே கணக்கிட்டுக்கொள்ளுங்கள். ஒளியிழைக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது, அதாவது ஒரு மில்லிநொடிக்கு 200 கிலோமீட்டர். 600 கிலோமீட்டர் போய்த் திரும்ப 6 மில்லிநொடி ஆகும். இழை நேர்க்கோட்டில் பதிக்கப்படுவதில்லை, நடுவில் ரவுட்டர்களும் உண்டு என்பதால் நடைமுறையில் 8 முதல் 10 வரை எதிர்பாருங்கள். எவ்வளவு பணம் கொடுத்தாலும் இந்தக் கணக்கின் முதற்பகுதி குறையாது.

பத்து மில்லிநொடிதானே என்று தோன்றும். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பரிவர்த்தனைகளுக்கு அது உண்மையிலேயே சிறு தாமதம்தான், ஏனெனில் அவை அனைத்தும் ஒரே நேரத்தில் இணையாகக் காத்திருக்கலாம். இடிக்கும் இடம் வேறு. பல பயன்பாடுகளில், அடுத்த ரசீது எண்ணைத் தருவதற்கென்று ஓர் அட்டவணையில் ஒரே ஒரு வரி இருக்கும்; ஒவ்வொரு பரிவர்த்தனையும் அந்த வரியைப் பூட்டி, எண்ணைக் கூட்டிவிட்டுத்தான் நகரும். கமிட் முடியும்வரை பூட்டு விலகாது. கமிட்டோ இப்போது 10 மில்லிநொடி காத்திருக்கிறது. எனவே எத்தனை வலிமையான சர்வரை வாங்கினாலும் நொடிக்கு 100 ரசீதுகளுக்கு மேல் தர முடியாது. சிங்க்ரனஸ் முறைக்கு மாறுவதற்கு முன் இப்படிப்பட்ட சூடான வரிகளைத் தேடிக் கண்டுபிடித்து, அந்தப் பூட்டைப் பரிவர்த்தனையின் கடைசிப் படிக்குத் தள்ளுவதால் மட்டும் தீராது என்பதையும் உணர்ந்து, எண் வழங்கும் முறையையே மாற்றியாக வேண்டும்.

பெரும்பாலோருக்குப் பொருந்தும் அமைப்பு மூன்று பிரதிகள் கொண்டது. முதன்மைக்கு அருகே, ஆனால் அதே கட்டடத்திலும் அதே மின்வழியிலும் இல்லாமல், சில பத்துக் கிலோமீட்டர் தொலைவில் சிங்க்ரனஸ் பிரதி ஒன்று இருக்கட்டும். தொலைதூர மையத்தில், கமிட் காத்திருக்காத அசிங்க்ரனஸ் பிரதி ஒன்று இருக்கட்டும். ஒரு கட்டடம் எரிந்தால் எதையும் இழக்க மாட்டீர்கள். ஒரு வட்டாரமே முடங்கினால் சில நொடிகளை இழப்பீர்கள்.

இன்னொன்றையும் சோதித்துப் பாருங்கள். ‘சிங்க்ரனஸ்’ என்று பெயர் வைத்த எல்லாமே கடைசிவரை சிங்க்ரனஸாக நிற்பதில்லை. மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தின் செமி-சிங்க் முறை, பிரதியிடமிருந்து பதில் வராவிட்டால் இயல்புநிலை அமைப்பில் 10 நொடி காத்திருந்துவிட்டு, தானாகவே அசிங்க்ரனஸுக்கு இறங்கிவிடும். போஸ்ட்கிரெஸ் அப்படி இறங்காது, காத்துக்கொண்டே இருக்கும். ஆனால் பொறுமையிழந்து அந்தக் காத்திருப்பை யாரேனும் ரத்துசெய்தால், பரிவர்த்தனை உள்ளூரில் ஏற்கெனவே கமிட் ஆகியிருக்கும். ஓர் எச்சரிக்கை வரி மட்டுமே எஞ்சும். அந்த எச்சரிக்கையைப் பயன்பாட்டு நிரல் படிக்கிறதா என்று பாருங்கள். நான் பார்த்தவரை, யாரும் படிப்பதில்லை.

கேள்வி: இணைப்பு போனதும் துணை மையம் தானாகவே முதன்மையாக மாறிவிடும் வகையில் அமைக்கலாமா, அல்லது மனிதர் ஒருவர் முடிவெடுக்க வேண்டுமா?

வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இதைத்தான் ஏதோவொரு வடிவில் கேட்கின்றன. சரியான கேள்வியும் இதுதான். பிரதி எடுப்பதை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். முதன்மை இறந்துவிட்டதா, அல்லது நம் கண்ணுக்கு மட்டும் தெரியவில்லையா என்று தீர்மானிப்பதில்தான் திட்டங்கள் தடுமாறுகின்றன.

இரண்டே மையங்கள் இருக்கும்போது, துணை மையத்திலிருந்து பார்த்தால் முதன்மை எரிந்து சாம்பலானதும் நடுவிலுள்ள இழை வெட்டுப்பட்டதும் ஒன்றுபோலவே தோன்றும். இரண்டாவது நிலைமையில் துணை தன்னை முதன்மையாக்கிக்கொண்டால், இருபுறமும் பதிவுகளை ஏற்கத் தொடங்கிவிடும். இதைத்தான் ஸ்பிளிட் பிரெயின் என்கிறோம். அதன்பின் இரண்டு வரலாறுகள் உருவாகிவிடும். அவற்றை ஒன்றாக்கும் கட்டளை இவ்வகைத் தரவுத்தளங்களில் கிடையாது. எனவே தானியங்கி மாற்றம் வேண்டுமென்றால் மூன்றாவது இடத்தில் ஒரு சாட்சி இருக்க வேண்டும். மூவரில் இருவரின் ஒப்புதல் இல்லாமல் யாரும் முதன்மையாக இருக்கக் கூடாது. அந்தச் சாட்சிக்குப் பெரிய சர்வர் தேவையில்லை. ஆனால் அது இரு மையங்களையும் வெவ்வேறு வழிகளில் சென்றடைய வேண்டும். சாட்சியை முதன்மை மையத்துக்குள்ளேயே வைத்துவிட்டு, மூன்று ஓட்டுகள் இருப்பதாக வரைபடத்தில் காட்டும் திட்டங்களைக் காண்கிறோம். அந்த மையம் விழுந்தால் இரண்டு ஓட்டுகள் ஒருசேர விழும். எஞ்சிய ஒற்றை ஓட்டு எதையும் செய்ய முடியாமல் நிற்கும்.

பெரும்பான்மை கிடைத்தாலும் வேலை முடிந்துவிடுவதில்லை. பழைய முதன்மை உறுதியாக நிறுத்தப்பட்டதென்று தெரிந்தபிறகே புதியது எழுத வேண்டும். மின்சாரத்தைத் துண்டிப்பது, சேமிப்பகத்துக்கான அனுமதியைப் பறிப்பது, அல்லது குறிப்பிட்ட நொடிகளுக்குள் பெரும்பான்மையிடம் தன் உரிமையைப் புதுப்பிக்க முடியாத முதன்மை தானே எழுதுவதை நிறுத்திக்கொள்வது என்று இதற்குப் பல வழிகள் உண்டு. தொலைவிலுள்ள மையத்தின் மின்சாரத்தை, இணைப்பே இல்லாத வேளையில் துண்டிக்க முடியாது என்பதால், மையங்களுக்கு இடையே மூன்றாவது வழியே பெரிதும் நம்பத்தக்கது.

இவை எல்லாவற்றையும் சரியாகச் செய்தவர்களுக்கும் நேர்ந்த ஒன்றைச் சொல்கிறேன். 2018 அக்டோபர் 21 அன்று, நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப் நிறுவனத்தில், பழுதாகிவந்த 100 ஜி ஒளியிழைக் கருவியொன்றை மாற்றும் பராமரிப்புப் பணியின்போது, அமெரிக்கக் கிழக்குக் கரையிலுள்ள முதன்மைத் தரவு மையத்துக்கும் அதே கரையிலுள்ள வலையமைப்பு மையத்துக்கும் இடையிலான இணைப்பு 43 நொடி அறுந்தது. மைஎஸ்க்யூஎல் சர்வர்களை மேற்பார்வையிட்ட ஆர்க்கெஸ்ட்ரேட்டர் என்ற மென்பொருள், எஞ்சிய முனைகளின் பெரும்பான்மையைத் திரட்டி, எழுதும் உரிமையை மேற்குக் கரைக்கு மாற்றிவிட்டது. பெரும்பான்மைக் கணக்கில் எந்தப் பிழையும் இல்லை. ஆனால் கிழக்கில் எழுதப்பட்டு மேற்குக்குப் போய்ச் சேராத சில நொடிப் பதிவுகள் கிழக்கில் தங்கிவிட்டன. இணைப்பு திரும்பியபோது மேற்கிலும் புதிய பதிவுகள் சேர்ந்திருந்தன. போதாக்குறைக்கு, கிழக்கிலிருந்த பயன்பாட்டுச் சர்வர்கள் ஒவ்வொரு பதிவை எழுதவும் நாட்டின் மறு எல்லைவரை போய்வர நேர்ந்ததால் அந்தத் தாமதத்தைத் தாங்கவில்லை. 43 நொடித் துண்டிப்பு, 24 மணி 11 நிமிடம் நீடித்த சேவைக் குறைபாடாக வளர்ந்தது.

இதிலிருந்து நான் வாசகர்களுக்குப் பரிந்துரைப்பது இது. ஒரே மையத்துக்குள்ளோ, சில பத்துக் கிலோமீட்டர் தொலைவிலுள்ள சிங்க்ரனஸ் இணைகளுக்குள்ளோ மாற்றம் தானாக நடக்கட்டும். அங்கே தரவிழப்பும் இல்லை, தாமதமும் கூடுவதில்லை. தொலைதூர மையத்துக்குப் போகும் மாற்றம் மட்டும், ஒரு மனிதரின் முடிவுக்குப்பின், ஒரே கட்டளையில் நடக்கட்டும். அந்த மனிதர் யார், அவர் கிடைக்காவிட்டால் அடுத்தவர் யார், எத்தனை நிமிடத்துக்குப்பின் யாரையும் கேட்காமல் அவர் முடிவெடுக்கலாம் என்பவை எழுத்தில் இருக்க வேண்டும். நள்ளிரவில் பணியிலிருக்கும் பொறியாளர், சில நொடித் தரவை இழக்க ஒப்புக்கொள்ளும் அதிகாரம் தமக்கு உண்டா என்று தெரியாமல் மேலதிகாரிகளைத் தொலைபேசியில் தேடிக்கொண்டிருப்பார். அந்த நேரத்தை ஆர்டிஓ கணக்கில் யாரும் எழுதுவதில்லை.

கேள்வி: மூன்று இடங்களில் நேரடிப் பிரதி ஓடிக்கொண்டிருக்கும்போது பேக்கப் எதற்கு?

பிரதி என்பது முதன்மையில் நடப்பதை அப்படியே செய்வது. தவறையும் அப்படியே செய்யும். எந்த வரிகள் என்று குறிக்கும் ‘வேர்’ நிபந்தனையை எழுத மறந்த, வரிகளை நீக்கும் ஒரு டெலீட் கட்டளை, அடுத்த நொடியில் மூன்று இடங்களிலும் நிறைவேறியிருக்கும்.

2017 ஜூன் மாதம் நாட்பெட்யா தீம்பொருள் மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தைத் தாக்கியபோது, உலகெங்கும் ஒன்றோடொன்று தகவலை ஒத்திசைத்துக்கொண்டிருந்த பயனர் கணக்குகளையும் அனுமதிகளையும் நிர்வகிக்கும் அதன் டொமைன் கன்ட்ரோலர்கள் ஏறத்தாழ அனைத்தும் அழிந்தன. ஒன்று மற்றொன்றுக்குப் பிரதி என்பதால் தனிக் காப்பு தேவையில்லை என்பதே அந்த அமைப்பின் அடிப்படை எண்ணம். தப்பிய ஒன்று கானாவில் இருந்தது. தாக்குதல் நடந்த வேளையில் அங்கே மின்வெட்டு ஏற்பட்டு அது இணைப்பில் இல்லாதிருந்ததுதான் காரணம். மின்வெட்டு தற்செயலாகச் செய்ததைத் திட்டமிட்டுச் செய்வதற்குத்தான் இணைப்பில்லாக் காப்புநகல்.

எனவே மூன்று தேவை: தொடர்ந்து ஓடும் பிரதி, குறிப்பிட்ட நேரம் பின்தங்கி ஓடும் பிரதி, முதன்மைச் சர்வரின் நிர்வாகிக் கடவுச்சொல்லால் அழிக்க முடியாத காப்புநகல். பின்தங்கி ஓடும் பிரதிக்கு போஸ்ட்கிரெஸிலும் மைஎஸ்க்யூஎலிலும் ஓர் அமைப்பு வரி போதும். ஒரு மணி நேரம் பின்தங்கிய பிரதி ஒன்று இருந்தால், தவறான டெலீட்டைக் கண்டதும் அதை நிறுத்திவைத்து, அந்தக் கட்டளைக்கு முந்தைய கணம்வரை மட்டும் லாகை (மாற்றங்களின் பதிவேட்டை) ஓட்டி, இழந்த வரிகளை எடுத்துக்கொள்ளலாம். முழுக் காப்புநகலிலிருந்து மீட்பதோடு ஒப்பிட்டால் இது எத்தனை மணி நேரத்தை மிச்சப்படுத்தும் என்று கணக்கிட்டுப் பாருங்கள்: 4 டெராபைட் தரவை நொடிக்கு 200 மெகாபைட் வேகத்தில் இறக்கவே 20,000 நொடி, அதாவது ஐந்தரை மணி நேரத்துக்கும் சற்று மேல் ஆகும். அதன்மீது லாகை ஓட்டும் நேரம் தனி.

காப்புநகல் எங்கே இருக்கிறது என்பதும் கேள்விதான். 2021 மார்ச் 10 அன்று ஸ்ட்ராஸ்பர்கில் ஓவிஹெச் நிறுவனத்தின் தரவு மையம் எரிந்தபோது, காப்புநகலையும் அதே வளாகத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர்கள் இரண்டையும் இழந்தனர். 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் டேஜோன் நகரிலுள்ள அரசுத் தரவு மையத்தில் பற்றிய தீயில், அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்துவந்த ஜி-டிரைவின் 858 டெராபைட் தரவு, வேறெங்கும் நகல் இல்லாமல் அழிந்தது.

அது இயங்குகிறதா என்பது இன்னொரு கேள்வி. 2017 ஜனவரி 31 அன்று, கிட்ஹப் போன்ற சேவை தரும் கிட்லேப் நிறுவனத்தில், பின்தங்கிப்போன பிரதியை மீண்டும் உருவாக்க முனைந்த பொறியாளர், பிரதியின் தரவுக் கோப்பகம் என்று கருதி முதன்மையின் கோப்பகத்தை நீக்கிவிட்டார். வழக்கமான காப்புநகலைத் தேடியபோது, அது உருவாகவே இல்லை என்பது தெரியவந்தது: தரவுத்தளம் 9.6 பதிப்பு, காப்புநகல் எடுக்கும் கருவியோ 9.2 பதிப்பு. தோல்வியை அறிவித்த மின்னஞ்சல்களும் உரியவரைச் சென்றடையாமல் நிராகரிக்கப்பட்டிருந்தன. ஆறு மணி நேரத்துக்கு முன், வேறொரு காரணத்துக்காக எடுக்கப்பட்டிருந்த ஸ்னாப்ஷாட், அதாவது அந்தக் கணத்துத் தரவின் நகல், கைகொடுத்தது. அந்த நிறுவனம் இவை அனைத்தையும் வெளிப்படையாக எழுதியதால்தான் நாம் இங்கே பேச முடிகிறது.

கேள்வி: எங்கள் கண்காணிப்புத் திரையில் பிரதியின் லேக் (பின்தங்கல்) பூஜ்யம் என்றே காட்டிக்கொண்டிருந்தது. மாற்றம் செய்தபோதோ பல நிமிடத் தரவு இல்லை. இது எப்படி நேரும்?

மைஎஸ்க்யூஎல் என்று ஊகிக்கிறேன். பிரதியில் இரண்டு பணிகள் நடக்கின்றன: ஒன்று முதன்மையிடமிருந்து லாகை வாங்குவது, மற்றொன்று வாங்கியதைத் தரவில் செயல்படுத்துவது. ‘எத்தனை நொடி பின்தங்கியுள்ளது’ என்று அது காட்டும் எண், வாங்கியதற்கும் செயல்படுத்தியதற்கும் உள்ள இடைவெளியை வைத்தே கணிக்கப்படுகிறது. இணைப்பு மந்தமாகி, லாக் வந்துசேர்வதே தாமதமானால், வந்ததையெல்லாம் முடித்துவிட்டுச் சும்மா இருக்கும் பிரதி, பூஜ்யம் என்று உண்மையாகவே சொல்லும். போஸ்ட்கிரெஸில் பலர் செய்யும் கணக்கு இதற்கு நேர்மாறாகப் பிசகும்: கடைசியாகச் செயல்படுத்திய பரிவர்த்தனையின் நேரத்தை இப்போதைய நேரத்திலிருந்து கழிப்பதால், முதன்மையில் யாரும் எதையும் எழுதாத அமைதியான இரவில் லேக் ஏறிக்கொண்டே போவதாகத் தெரியும்.

இரண்டுக்கும் ஒரே தீர்வுண்டு. முதன்மையில் ஒரே ஒரு வரி கொண்ட சிறு அட்டவணையை உருவாக்கி, நொடிக்கொரு முறை அதில் நேரத்தை எழுதுங்கள். பிரதியில் அந்த வரியைப் படித்து, இப்போதைய நேரத்திலிருந்து கழியுங்கள். இரு சர்வர்களின் கடிகாரங்களும், நேரத்தை ஒத்திசைக்கும் என்டிபி நெறி மூலம் ஒத்திருந்தால், உங்கள் உண்மையான ஆர்பிஓ இந்த எண்தான். ஒப்பந்தத் தாளில் உள்ளது அல்ல.

இதே இடத்தில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. போஸ்ட்கிரெஸின் ரெப்ளிகேஷன் ஸ்லாட், பிரதி வாங்கிக்கொள்ளாத லாகை முதன்மையிலேயே சேர்த்துவைக்கும். துணை மையம் வார இறுதியில் இணைப்பிழந்தால், திங்கட்கிழமை காலையில் முதன்மையின் வட்டு நிரம்பி அதுவும் நின்றிருக்கும். 13-ஆம் பதிப்பிலிருந்து இதற்கு உச்சவரம்பு வைக்கலாம். வரம்பு மீறினால் பிரதியைப் புதிதாக உருவாக்க வேண்டிவரும், ஆனால் முதன்மை பிழைத்துக்கொள்ளும்.

கேள்வி: இரு மையங்களிலும் ஒரே நேரத்தில் எழுதும் ஆக்டிவ்-ஆக்டிவ் முறையை வைத்துக்கொண்டால், ஃபெயில்ஓவர் (மற்ற மையத்துக்கு மாறுவது) என்ற சிக்கலே எழாதல்லவா?

ஃபெயில்ஓவர் சிக்கல் என்றோ ஒருநாள் வரும். அதற்குப் பதிலாக முரண்பாட்டுச் சிக்கலை அன்றாடம் வரவழைத்துக்கொள்வீர்கள். கையிருப்பில் ஒரே ஒரு பொருள் எஞ்சியிருக்கும்போது இரு மையங்களும் அதை ஒரே நொடியில் விற்றால், எந்த விற்பனை செல்லும்? பிந்தைய நேரமுத்திரை வெல்லும் என்ற விதியை வைத்தால், மற்றொரு வாடிக்கையாளரின் பதிவு ஓசையின்றி மறையும். பயனர்களை மையவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு பதிவுக்கும் எழுதும் உரிமை ஏதாவது ஒரு மையத்துக்கு மட்டுமே என்று வகுக்க முடிந்தால் இந்த முறை பயன்படும். ஆனால் அப்போதும் ஒரு மையம் விழுந்தால், அதன் பங்கை மற்றது எடுத்துக்கொள்ளும் முடிவை எடுத்தாக வேண்டும், அதாவது ஃபெயில்ஓவர்.

பேக்ஸாஸ், ராஃப்ட் போன்ற ஒப்புதல் நெறிகளின் மீது கட்டப்பட்ட கூகுளின் ஸ்பேனர் போன்ற தரவுத்தளங்கள் இந்த முடிவைத் தாமே எடுக்கின்றன. அவற்றுக்குக் குறைந்தது மூன்று இடங்கள் வேண்டும். ஒவ்வொரு கமிட்டும் பெரும்பான்மையின் ஒப்புதலுக்காகக் காத்திருக்கும். மேலே சொன்ன மில்லிநொடிக் கணக்கு அங்கும் அப்படியே பொருந்தும்.

கேள்வி: துணை மையத்தின் சர்வர்களில் மட்டும் புதிய இயங்குதளப் பதிப்பை நிறுவியிருக்கிறோம். பிரதி நன்றாகவே ஓடுகிறது. கவலைப்பட வேண்டுமா?

போஸ்ட்கிரெஸ் என்றால் உடனே கவலைப்படுங்கள். அதன் ஸ்ட்ரீமிங் ரெப்ளிகேஷன், தேடலுக்கான இண்டெக்ஸ் உட்பட எல்லாவற்றையும் பைட்டுக்குப் பைட் நகலெடுக்கிறது. ஆனால் எழுத்துகளின் வரிசைமுறையை அது லினக்ஸின் ஜிலிப்சி என்ற நிரல் நூலகத்திடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறது. 2018-இல் வந்த ஜிலிப்சி 2.28 பதிப்பில் அந்த வரிசைமுறை பெருமளவு மாறிவிட்டது. முதன்மையில் பழைய வரிசையில் அடுக்கப்பட்ட இண்டெக்ஸை, துணையிலுள்ள புதிய நூலகம் புதிய வரிசையில் தேடும். இருக்கும் வரியை இல்லை என்று சொல்லும். துணை முதன்மையாக மாறியபின், இல்லை என்று நம்பி அதே மதிப்பை மீண்டும் நுழைக்கவும் விடும். பிரதி ‘நன்றாக ஓடுவது’ பைட்டுகள் வந்துசேர்வதை மட்டுமே காட்டுகிறது. இரு மையங்களிலும் ஒரே பதிப்பை வைத்திருங்கள். முடியாதென்றால், பைட்டுகளுக்குப் பதிலாக வரிகளின் மாற்றங்களை அனுப்பும் லாஜிக்கல் ரெப்ளிகேஷனுக்கு மாறுங்கள்.

கேள்வி: துணை மையத்துக்கு மாறிவிட்டோம். பழைய முதன்மை மையம் சரியாகிவிட்டது. அதை இயக்கினால் போதுமா?

வேண்டாம். முதலில் அதன் வலையமைப்பு இணைப்பைத் துண்டித்து வைத்துவிட்டு இயக்குங்கள். தன்னை இன்னும் முதன்மை என்றே அது எண்ணிக்கொண்டிருக்கும். பழைய முகவரியை நினைவில் வைத்திருக்கும் ஏதாவது ஒரு பயன்பாடு அதில் எழுதத் தொடங்கிவிடும்.

அடுத்து, வீழ்வதற்குமுன் அது எழுதி, துணைக்குப் போய்ச் சேராத பதிவுகளைத் தேடி எடுங்கள். பலரும் இந்தப் படியைத் தாண்டிச் சென்றுவிடுகிறார்கள். போஸ்ட்கிரெஸின் பிஜி-ரிவைண்ட் கருவி, பழைய முதன்மையைப் புதிய முதன்மையின் வரலாற்றோடு இணங்கச் செய்யும். இணங்கச் செய்வது என்றால், பிரிந்த புள்ளிக்குப்பின் பழையதில் எழுதப்பட்டவற்றை அழிப்பது. அதை ஓட்டியபின் அந்தப் பதிவுகள் எங்கும் இருக்காது. ஆகவே ஓட்டுவதற்குமுன் தரவுக் கோப்பகத்தின் முழு நகலையும் லாகையும் தனியே வைத்துக்கொள்ளுங்கள். மைஎஸ்க்யூஎலில் இரு பக்கங்களின் ஜிடிஐடி (பரிவர்த்தனை அடையாள எண்) தொகுப்புகளை ஒப்பிட்டால், எந்தப் பரிவர்த்தனைகள் பழையதில் மட்டும் உள்ளன என்பது துல்லியமாகத் தெரியும். அந்தப் பட்டியலைத் தொழில்நுட்பப் பிரிவு தானாகவே புதிய முதன்மையில் ஏற்றிவிடக் கூடாது. வாடிக்கையாளர் பதிவு தோல்வியுற்றதாக எண்ணி மீண்டும் பணம் கட்டியிருக்கலாம். அதைத் தொழில்பிரிவினர் ஒவ்வொன்றாகப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். கிட்ஹப் நிகழ்வில் அதன் பரபரப்பான கிளஸ்டர் (சர்வர் தொகுதி) ஒன்றில் மட்டும் இப்படித் தேங்கியவை 954 பதிவுகள். அவர்களும் பைனரி லாகுகளைக் காத்துவைத்து ஆராயத் தொடங்கினர்.

பிறகுதான் பழையதைப் பிரதியாக இணைப்பது. பிஜி-ரிவைண்ட் இயங்க, தரவுப் பக்கங்களில் செக்சம் (பிழை சரிபார்ப்பு எண்) இருக்க வேண்டும், அல்லது அதற்குரிய லாக் குறிப்பு வசதி முன்பே இயக்கப்பட்டிருக்க வேண்டும். விபத்துக்குப்பின் இயக்கிப் பயனில்லை. இதை இன்றே பார்த்துவிடுங்கள். திரும்பவும் பழைய மையத்துக்கே முதன்மையை மாற்றுவதற்கு அவசரம் வேண்டாம். இரு மையங்களும் சம வலிமை கொண்டவையாக இருந்தால் மாற்றாமலே விட்டுவிடலாம்.

கேள்வி: துணை மையத்தின் பிரதியில் அறிக்கைகளுக்கான வினவல்களை ஓட்டலாமா?

ஓட்டலாம். ஆனால் நீண்ட வினவல், லாக் செயல்படுவதைத் தடுத்துநிறுத்தும். போஸ்ட்கிரெஸ் இயல்புநிலையில் 30 நொடி பொறுத்துவிட்டு அந்த வினவலை ரத்துசெய்யும். இந்தப் பொறுமையை யாரோ ஒருவர் மணிக்கணக்கில் உயர்த்தி வைத்துவிட்டால் உங்கள் மீட்புப் பிரதி அவ்வளவு நேரம் பின்தங்கும். அறிக்கைகளுக்கு வேறொரு பிரதி வைத்துக்கொள்வதே சரி.

கேள்வி: ஒத்திகை எத்தனை மாதங்களுக்கொரு முறை, எப்படி நடத்த வேண்டும்?

இடைவெளியைவிட ஒத்திகையின் தன்மையே முக்கியம். துணை மையத்தில் தரவுத்தளத்தை எழுப்பி, தரவைப் படிக்கும் செலக்ட் கட்டளை ஒன்று கொடுத்து, பதில் வந்ததும் ‘வெற்றி’ என்று பதிவுசெய்வது ஒத்திகை ஆகாது. உண்மையான பயன்பாடு சில நாட்களாவது துணை மையத்திலிருந்தே இயங்க வேண்டும். வார நாள் ஒன்றின் முழுச் சுமையையும் அது தாங்க வேண்டும். அப்போதுதான் மறந்துபோனவை வெளிவரும். பெயரை முகவரியாக்கும் டிஎன்எஸ் பதிவின் ஆயுட்காலம் ஒரு நாளாக வைக்கப்பட்டிருக்கும். இணைப்புகளைச் சேர்த்துவைக்கும் பூல், டிஎன்எஸ் மாறிய பின்னும் பழைய முகவரியையே பற்றிக்கொண்டிருக்கும். இரவுப் பணிகளை இயக்கும் கிரான் அட்டவணை துணை மையத்தில் இருக்காது, அல்லது இரண்டிலும் இருந்து, ஒரே பட்டியலை இரண்டு முறை அனுப்பும். தரவுத்தளம் மட்டும் புதிய மையத்துக்குப் போய், பயன்பாட்டுச் சர்வர் பழைய மையத்திலேயே தங்கினால், ஒரு பக்கத்தைக் காட்ட ஒன்றன்பின் ஒன்றாக 60 வினவல்கள் அனுப்பும் நிரல், வினவலுக்கு 20 மில்லிநொடி வீதம் 1.2 நொடியை வழியிலேயே செலவிடும். எனவே பயன்பாடும் தரவுத்தளமும் சேர்ந்தே இடம்பெயர வேண்டும் என்று திட்டத்தில் எழுதுங்கள்.

ஒத்திகையன்று இன்னும் இரண்டைச் செய்து பாருங்கள். மீட்புக் கையேடும் கடவுச்சொற்களும் முதன்மை மையத்திலுள்ள சர்வரிலேயே இருக்கின்றனவா என்பதை, அந்த மையத்துக்கான எல்லா இணைப்பையும் மூடிவிட்டுத் தேடிப் பாருங்கள். திட்டத்தை எழுதிய பொறியாளரை அன்று விடுப்பில் அனுப்பிவிட்டு, கையேட்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்கள் மாற்றத்தைச் செய்யட்டும். எந்த வரியில் அவர்கள் நின்று அவரைத் தொலைபேசியில் அழைக்கிறார்களோ, அந்த வரியை அன்றே திருத்தி எழுதுங்கள். அழைப்புக்கு ஆன நேரத்தையும் ஆர்டிஓ கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.